நட்சத்திரம் போட்ட சொல்

“அந்தக் கல்லு போலின்னு நிரூபிச்சுக் குடுங்க. நாளைக்குக் காலையில அவன் மேடை ஏறுறதுக்குள்ள” என்றார் பேராசிரியர் ரினால்தோ பியெரெத்தி.

சொல்லிவிட்டு மடியில் இருந்த தொப்பியைத் திருக ஆரம்பித்தார். கவலையில் திருகுகிறவர்களை எர்சிலியா வன்யோனி நிறையப் பார்த்திருக்கிறாள். பயத்தில் திருகுகிறவர்களையும் பார்த்திருக்கிறாள். பெரூஜா நகரில் துப்பறிகிறவளிடம் வேறு எவர் வரப் போகிறார்கள்? ஆனால் இந்தத் திருகல் இரண்டிலும் சேரவில்லை. தொப்பி என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை.

“போலின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“அப்ப நீங்களே மேடையில ஏறிச் சொல்லிடலாமே, சார்?” என்று கேட்டான் துல்லியோ. எர்சிலியாவின் உதவியாளன். முன்பு ஹோட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தவன். வாய் நீளம் என்று முதலாளி அனுப்பிவிட, அந்த வாய்க்காகவே எர்சிலியா சேர்த்துக்கொண்டாள். இப்போது அந்த வாயில் கல்லறைத் திருநாள் சந்தையில் வாங்கிய பாதாம் பிஸ்கட் ஒன்று அரைபட்டுக்கொண்டிருந்தது.

“நான் சொன்னா யாருப்பா நம்புவா? முப்பது வருஷமா அன்செல்மோ எதைச் சொன்னாலும் இல்லைன்னு சொல்றவன் நான். அவன் மழை பெய்யுதுன்னு சொன்னதுக்காகக் குடையை மடக்கிட்டு நனைஞ்சவன்.”

“எதிரியைக் காப்பாத்த எதுக்கு சார் இவ்வளவு பாடு?”

பேராசிரியர் தொப்பியை இன்னும் ஒரு சுற்று திருகினார். “நாளைக்கு அவனோட கடைசி சொற்பொழிவு. ஊர்ல உள்ள படிச்சவன் எல்லாம் வருவான். அந்தக் கல்லை நம்பி அவன் பேசிட்டான்னா, அப்புறம் போலின்னு தெரிஞ்சா, அவன் எழுதின எதையும் எவனும் நம்ப மாட்டான். அவ்வளவுதான்.” எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். “செஞ்சவன் யாருன்னும் கண்டுபிடிங்க. தயவு தாட்சண்யம் வேண்டாம்.”

அவர் போன பிறகு துல்லியோ பிஸ்கட் பொட்டலத்தை மடித்தான். “மேடம், ஓடிப்போன புருஷனைத் தேடியிருக்கோம். காணாமப் போன நாயைத் தேடியிருக்கோம். ஒரு கல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கறது இதான் முதல் தடவை.”

பேராசிரியர் அன்செல்மோ பர்தோச்சியின் வீடு மேட்டுத் தெருவில், கடைசிப் படிக்கட்டுக்கு மேலே இருந்தது. பெரூஜாவில் எல்லாருடைய வீடும் கடைசிப் படிக்கட்டுக்கு மேலேதான் இருக்கும் என்று துல்லியோ மூச்சிரைத்தபடி சாபம் விட்டான். கதவைத் திறந்த கிழவரின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. துப்பறிகிறவள் என்று எர்சிலியா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். யார் அனுப்பினார்கள் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அது விசித்திரம் என்று அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

“வாங்க வாங்க. புது ஒயின் இருக்கு. சுட்ட கஷ்கொட்டை இருக்கு. கல்லும் இருக்கு!”

சமையலறை மேஜையில், துண்டை விரித்து, குழந்தையைக் குளிப்பாட்டிக் கிடத்தியது போல் கிடத்தியிருந்தார் அதை. ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு சுண்ணாம்புக் கல். வலமிருந்து இடமாக ஓடும் பழைய எழுத்துக்கள், மண் அப்பிக் கிடந்தன. அவருடைய ஆலிவ் தோட்டத்தின் பாதையோரச் சுவர் மழையில் சரிந்தபோது உள்ளே இருந்து வந்ததாம்.

“இதுல என்ன சார் எழுதியிருக்கு?”

“நான் கொடுக்கிறேன்.”

“யாருக்கு?” என்றான் துல்லியோ.

“யாருக்கோ ஒரு தேவதைக்கு. அது முக்கியமில்ல தம்பி. அந்தச் சொல்லுதான் முக்கியம்.” கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “லத்தீனுக்கு அக்கா தங்கச்சி நிறைய உண்டு. ஓஸ்கன் இருந்துச்சு, நம்ம மலைப்பக்கத்து மொழிகள் இருந்துச்சு. இவங்களைப் பெத்த தாய் ஒருத்தி இருந்திருக்கணும். அவ பேசினதை யாரும் எழுதி வைக்கல. பிள்ளைங்க பேச்சைக் கேட்டுத்தான் அவ எப்படிப் பேசியிருப்பான்னு கண்டுபிடிக்கறோம். அப்படிக் கண்டுபிடிச்ச சொல்லுக்கு முன்னால ஒரு நட்சத்திரம் போடுவோம். இருந்திருக்கணும், ஆனா யாரும் பார்த்ததில்லைன்னு அர்த்தம்.”

“என் கல்யாணம் மாதிரி” என்றான் துல்லியோ. நிச்சயதார்த்தம் முடிந்து அவனுக்குப் பல வருடமாகிறது.

கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். “கொடுங்கற சொல்லை எடுத்துக்க. கிரேக்கத்துல திதோமி. சமஸ்கிருதத்துல ததாமி. ரெண்டும் ஆரம்பத்துல ஒரு தடவை திக்குது பார்த்தியா? நம்ம மலைக்கல்லு ஒண்ணுல திதெத்துன்னு இருக்கு. அவன் கொடுக்கிறான். அதுவும் திக்குது. லத்தீன் மட்டும் தோன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிடும். அப்ப தாய் எப்படிச் சொல்லியிருப்பா? அவளும் திக்கித்தான் சொன்னான்னு நான் சொல்றேன். திதோ. நான் கொடுக்கிறேன். என் முப்பது வருஷமும் அந்த ஒரு சொல்லுதான்.”

“இல்லைன்னு சொல்றவங்க?”

“ரினால்தோ சொல்றான். தாய் திக்கவே இல்லையாம், பிள்ளைங்கதான் பின்னாடி திக்கக் கத்துக்கிட்டாங்களாம். கொடுத்தான்னு இறந்தகாலத்துல சொல்லும்போது லத்தீன் உள்பட எல்லாருமே திக்குறாங்க, தெதித், தெதெத்துன்னு. அதை அவனும் ஒத்துக்குவான். நிகழ்காலத்துலதான் எங்க சண்டை.”

“நடந்ததைச் சொல்லும்போது எல்லாரும் திக்கத்தான் சார் செய்வாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல வந்து பாருங்க.”

எர்சிலியா அவனை முறைத்தாள். “இத்தனை நாளா இந்தச் சொல்லு ஏன் எந்தக் கல்லுலயும் கிடைக்கல?”

“எவனும் நான்னு எழுத மாட்டாம்மா. கோயிலுக்குக் கொடுத்த கல்லு எல்லாத்துலயும் இன்னான் கொடுத்தான்னுதான் இருக்கும். கொடுத்தவனே எட்டி நின்னு யாரோ மாதிரி பேசுவான். இந்த ஒருத்தன்தான் முன்னால வந்து நான்னு சொல்லியிருக்கான்.” அவருடைய கண் கலங்கியது. “நாளைக்கு எல்லார் முன்னாலயும் கரும்பலகையில நட்சத்திரம் போட்டு அந்தச் சொல்லை எழுதுவேன். அப்புறம் இந்த விரலால நட்சத்திரத்தை அழிச்சிடுவேன். அவ்வளவுதான் என் சொற்பொழிவு.”

எர்சிலியா குனிந்து கல்லைப் பார்த்தாள். கிழவரின் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது. இந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கத்தான் அவள் வந்திருக்கிறாள் என்பது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. கல்லின் மேல் மூலை உடைந்திருந்தது. கீழ் ஓரமும் போயிருந்தது. நடுவில் அந்தச் சொல் மட்டும் கீறல்கூட இல்லாமல் இருந்தது.

“உடைஞ்சு போன இடத்துல என்ன இருந்திருக்கும்?”

“பேரோட பாதி, தேவதை பேரோட வால். மத்த கல்லுங்களைப் பார்த்து முதல் வருஷ மாணவனே நிரப்பிடுவான்.”

“ஒரு எழுத்துலகூடச் சந்தேகம் இல்லையா?”

“ஒண்ணுலகூட இல்ல.” அதைச் சொல்லும்போது அவருடைய குரல் சற்றே இறங்கியது.

எர்சிலியா தலையிலிருந்து ஊசி ஒன்றை உருவி, ஓர் எழுத்தின் பள்ளத்தில் அடைந்திருந்த மண்ணை மெல்லக் கிளறினாள். மண்ணுக்கு அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. நுனியில் எடுத்து விளக்கில் காட்டினாள். காகித நார். நகக்கண் அளவுகூட இல்லை.

“காகிதப்படி எடுத்தீங்களா, சார்?”

“இன்னும் இல்லைம்மா. மண்ணைக் கழுவினாத்தானே எடுக்க முடியும்? நனைச்ச காகிதத்தை விரிச்சு, பிரஷ்ஷால அடிஅடின்னு அடிச்சு, காய்ஞ்சதும் உரிச்சா எழுத்து அப்படியே காகிதத்துல ஏறிடும். நாளைக்குக் கூட்டம் முடியட்டும்னு வெச்சிருக்கேன்.”

எர்சிலியா நாரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். “கல்லை முதல்ல யாருக்குக் காட்டினீங்க?”

“ரினால்தோவுக்குத்தான்! வேற யாருக்கு இதோட அருமை தெரியும்? போன் பண்ணினேன், உடனே ஓடி வந்தான்.” கிழவர் கஷ்கொட்டை ஒன்றை உரித்தபடி, ஏதோ வேடிக்கை சொல்வது போலச் சொன்னார். “பாவம், அன்னிக்கு என்ன குளிரோ. கடைசி வரைக்கும் கோட்டுப் பாக்கெட்ல இருந்து கையை எடுக்கவே இல்ல. அப்படியே பார்த்துட்டுப் போயிட்டான்.”

தெருவில் மலைக்காற்று காதைக் கடித்தது. சந்தைக்குப் போகிற கூட்டத்துக்கு எதிராக நடந்தார்கள்.

“துல்லியோ, உன் கையில இருந்து தட்டு விழுந்தா எப்படி உடையும்?”

“முதலாளிக்கு ரொம்பப் பிடிச்ச தட்டுன்னா சரியா நடுவுல உடையும், மேடம்.”

“அதான் உலக வழக்கம். ஆனா இந்தக் கல்லுல பார். எல்லாருக்கும் தெரிஞ்ச எழுத்து மட்டும் உடைஞ்சிருக்கு. யாருக்கும் தெரியாத எழுத்து முழுசா நிக்குது. காலம் இவ்வளவு மரியாதையா உடைக்குமா?”

“ரொம்பப் படிச்ச காலம் போலிருக்கு.”

“அதேதான். படிச்சவன் உடைச்சிருக்கான். முக்கியமான எழுத்து மேல உளியை வைக்க அவனுக்கு மனசு வரல. மண்ணுக்கு அடியில காகிதம் இருக்குன்னா, சுவர்ல சொருகறதுக்கு முன்னாடியே படி எடுத்திருக்கான்.”

துல்லியோ நின்றுவிட்டான். “தான் செஞ்ச பொய்க்கு தானே எதுக்கு மேடம் படி எடுக்கணும்? திருடன் திருடிட்டு போட்டோ பிடிப்பானா?”

“கல்லைக் கண்டா படி எடுக்கணும். அது இவங்களுக்குக் கைப்பழக்கம். தும்மல் மாதிரி, அடக்க முடியாது. இன்னொரு பழக்கமும் இருக்கு. எழுத்து வெட்டின கல்லைப் பார்த்தா விரலால தடவிப் படிப்பாங்க. அன்செல்மோ பேசிக்கிட்டே எத்தனை தடவை தடவினார், கவனிச்சியா? முப்பது வருஷமா சண்டை போட்ட சொல்லு கண்ணு முன்னால கிடக்கு. அதைத் தொடாம ஒருத்தர் கையைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டார்னா?”

துல்லியோ வாயைத் திறந்தான். “நமக்குக் கேஸ் கொடுத்தவரே...” என்று இழுத்தான்.

“சாட்சி வேணும். வா.”

ரினால்தோவின் படிப்பறையில் சுவர் முழுக்க அகலமான இழுப்பறைகள். கல் கல்லாகப் போய் எடுத்த படிகள் அதற்குள் படுத்துக் கிடந்தன. கணப்பில் நெருப்பு எரிந்தது. அவர் உட்காரச் சொல்லக்கூட மறந்துவிட்டார்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“கல்லு நிஜம்தான்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்” என்றாள் எர்சிலியா.

ரினால்தோவின் முகம் வெளுத்துவிட்டது. “அது எப்படி?”

“அவர் அவ்வளவு சந்தோஷமா இருக்கார், சார். யாருக்கும் நஷ்டமில்ல. ஒரே ஒரு ஆபத்துதான். அந்தக் கல்லுக்கு ஏற்கெனவே யாரோ படி எடுத்திருக்காங்க. அந்தக் காகிதம் மட்டும் எரிஞ்சு போச்சுன்னா பொய்யின்னு சொல்ல ஒரு சாட்சியும் கிடையாது. உங்க சிநேகிதர் நாளைக்கு நிம்மதியா நட்சத்திரத்தை அழிப்பார்.” கணப்பைப் பார்த்தாள். “நெருப்பு நல்லா எரியுது.”

உண்மையில் எர்சிலியாவிடம் ஒரு நகக்கண் காகித நாரும், ஒரு கிழவர் சொன்ன பாக்கெட் கதையும் தவிர வேறு எதுவும் இல்லை. ரினால்தோ ஒரு வார்த்தை மறுத்திருந்தால் வழக்கு அங்கேயே படுத்திருக்கும். அவர் மறுக்கவில்லை. கால்களை இழுத்துக்கொண்டு போய் கீழ் இழுப்பறையைத் திறந்தார். அடியிலிருந்து தடித்த வெள்ளைக் காகிதம் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துக்கொண்டு கணப்பருகில் வந்து நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார். நெருப்புப் பக்கம் ஒரு சாண் நீட்டினார். உடனே இழுத்துக்கொண்டார்.

“நான் போடட்டுமா, சார்?” என்று துல்லியோ கை நீட்டினான்.

“தொடாதே!” ரினால்தோ அதை மார்போடு அணைத்துக்கொண்டார். “படியைப் போய் எரிப்பாங்களா? கல்லு பொய்யா இருக்கலாம். படி பொய்யில்லையேடா!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“எதுக்கு சார் செஞ்சீங்க?” எர்சிலியாவின் குரலில் வெற்றி இல்லை. அவளுக்கே தன்மீது ஒரு கூச்சமாக இருந்தது. நல்ல மனிதர் ஒருவரை நெருப்பைக் காட்டிப் பிடிப்பது பெருமைப்படும் வேலை அல்ல.

“அவனை அவமானப்படுத்தத்தான். வேற என்ன? அவன் மேடையில ஏறி நட்சத்திரத்தை அழிக்கணும், நான் எழுந்து அது என் கை வேலைன்னு சொல்லணும், சபை மொத்தமும் சிரிக்கணும். இதை நினைச்சு நினைச்சுத்தான் ஒவ்வொரு எழுத்தா வெட்டினேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “அப்புறம் போன் வந்துச்சு. அழறான். ‘ரினால்தோ, சீக்கிரம் வாடா, நீ வந்து பார்த்தாத்தான் எனக்கு இது கிடைச்ச மாதிரி’ங்கறான். பெண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. உலகத்துல அவன் கூப்பிட நினைச்ச ஒரே ஆளு நான். போய் நின்னேம்மா. கையை வெளியே எடுக்கவே முடியல.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்.”

“வாய் வரல. யாராவது என்னைக் கையும் களவுமா பிடிச்சுக் கொடுத்தாத் தேவலைன்னு இருந்துச்சு. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

“இதுக்கெல்லாம் சர்ச்சுல பாவமன்னிப்பு இருக்கே, சார். எங்களைவிட அவங்க ஃபீஸ் கம்மி” என்றான் துல்லியோ. சொல்லும்போது அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

“பாதிரியாருக்கு முதல்ல நட்சத்திரம்னா என்னன்னு விளக்கணுமேப்பா. நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க.”

“மாட்டேன்” என்றாள் எர்சிலியா. “கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. சொல்றது உங்க வேலை. கோட்டைப் போடுங்க.”

படிக்கட்டில் ரினால்தோ மூன்று முறை திரும்பிப் போகப் பார்த்தார். மூன்று முறையும் துல்லியோ பின்னால் அகலமாக நின்றான். மணிக்கூண்டு மாலை ஜெபத்துக்கு அடித்தபோது அன்செல்மோவின் கதவைத் தட்டினார்கள். கதவு திறந்தே இருந்தது. சமையலறை மேஜையில் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு கோப்பைகள் வைத்து, இரண்டிலும் ஒயின் ஊற்றப்பட்டிருந்தது.

“வந்துட்டியா?” என்றார் அன்செல்மோ.

ரினால்தோ காகிதப்படியை மேஜையில் வைத்தார்.

அன்செல்மோ காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. “படி நல்லா வந்திருக்கு. உன் கை எப்பவும் சுத்தம்.”

எர்சிலியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. “உங்களுக்கு முன்னாடியே தெரியும்!”

“ஒரு நாள் முழுக்கத் தெரியாதும்மா. அந்த ஒரு நாள் நிஜமாவே ஆடினேன், பாடினேன். நடுவுல இவன் வந்து கையைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு நின்னான். அன்னிக்குப் படுத்தா தூக்கம் வரல. இவன் ஏன் தொடலைன்னு யோசிச்சேன். உடைஞ்சது எல்லாம் ஏன் எனக்குத் தெரிஞ்ச எழுத்தாவே இருக்குன்னு யோசிச்சேன். நான் எழுதினதை எவனும் இவ்வளவு கவனமா படிச்சது கிடையாது. படிச்சவன் ஒரே ஒருத்தன்தான். யாரு உங்களை அனுப்பினாங்கன்னு நான் ஏன் கேக்கல? பாக்கெட் கதையை எதுக்கு வேலை மெனக்கெட்டு உங்ககிட்ட சொன்னேன்?”

துல்லியோ தலையில் கை வைத்துக்கொண்டான். “மேடம், நம்மளைத் தவிர எல்லாரும் துப்பறியறாங்க.”

“அப்ப நாளைக்கு நீ பேசப் போறதில்லையா?” ரினால்தோவின் குரல் ஒருவழியாக வெளியே வந்தது.

அன்செல்மோ ஒரு கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். “அதைத்தான் கேக்காதேடா. நீ வரலைன்னா போயிருப்பேன். பொய்யின்னு தெரிஞ்சே நட்சத்திரத்தை அழிச்சிருப்பேன். அவ்வளவு ஆசை. நீ செஞ்சது ஒரு தப்புன்னா, நான் செய்ய இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. சாயங்காலம் பூரா ஒயினை ஊத்தி வெச்சுக்கிட்டு, அவன் வரணும், அவன் வரணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கல்லையே பார்த்தார்கள். எர்சிலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழக்கு முடிந்துவிட்டது.

“நாளைக்கு நட்சத்திரத்தோடதான் எழுதுவேன்” என்றார் அன்செல்மோ. “யாரும் பார்த்ததில்ல, ஆனா இருந்திருக்கணும். அப்படித்தான் சொல்லுவேன். நீ முதல் வரிசையில உக்காந்து இல்லைன்னு சொல்லணும். சொல்லாம விட்டே, பார்!”

“சொல்றேன்.” ரினால்தோ மூக்கை உறிஞ்சினார். “உன் வாதத்துல மூணு ஓட்டை இருக்கு.”

“தெரியும் போடா.”

அதன் பிறகுதான் ரினால்தோ கோட்டுப் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தார். விரல் கல்லின் வலது ஓரத்தில் தொடங்கி, தானே வெட்டிய பள்ளங்களில் இறங்கி ஏறி, மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. அந்தச் சொல்லின் முடிவில் வந்து நின்றது.

“கல்லு இங்கயே இருக்கட்டும்” என்றார் அன்செல்மோ. “இதை எவனாவது பார்த்துட்டு, யாரு கொடுத்ததுன்னு கேட்டா என்ன சொல்றது?”

முப்பது வருடமாக எதற்கும் பட்டென்று பதில் வைத்திருந்தவர் இப்போது திணறினார். உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது.

“நான்...” என்றார். “நான் கொடுத்தேன்னு சொல்லு.”